கிளிண்டன் வெட்டிய கால்வாய்

அமெரிக்கா விடுதலை பெற்று ஒரு தலைமுறை கடந்த பின்னும், அந்நாட்டின் உட்பகுதியில் பயிரிட்ட விவசாயிக்குத் தன் விளைச்சலை விற்பதே பெரும்பாடாக இருந்தது. அப்பலேச்சியன் மலைத்தொடர் அரண்போல் குறுக்கே நின்றது. ஏரி ஈரி என்னும் பேரேரியின் கரையிலுள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கைக் குதிரை வண்டியில் கொண்டு சேர்க்க ஏறத்தாழ 100 டாலர் செலவானது. வழியில் பல வாரங்கள் கழிந்தன. கோதுமையின் விலையைவிட அதைச் சுமந்து செல்லும் கூலியே மிகுதி. ஆகவே, மேற்குப் பகுதி விவசாயிகள் பலர் தங்கள் விளைபொருளைத் தட்டைப் படகில் ஏற்றி, மிசிசிப்பி ஆற்றோட்டத்தோடு தொலைதூரத்து நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திற்கு அனுப்பினர். எதிர்நீரோட்டத்தில் படகைத் திருப்பிக் கொண்டுவர முடியாததால், அங்கேயே அதை மரவிலைக்கு விற்றுவிட்டு நடந்தே வீடு திரும்பியவர்களும் உண்டு.

இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டெவிட் கிளிண்டன். 1769ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த அவர், கொலம்பியா கல்லூரியில் பயின்று 1786இல் பட்டம் பெற்றார். அவருடைய சிறிய தந்தையார் ஜார்ஜ் கிளிண்டன் நியூயார்க் மாநிலத்தின் முதல் ஆளுநர். அவருக்குச் செயலாளராகப் பணியாற்றியே இளம் கிளிண்டன் அரசியலைக் கற்றார். 1802இல் அமெரிக்க மேலவை உறுப்பினரானார். மறு ஆண்டே அப்பதவியைத் துறந்து நியூயார்க் நகர மேயரானார். உயர்ந்த தோற்றமும் பரந்த படிப்பும் உடையவர். செடிகொடிகள், பறவைகள், பழம்பொருள்கள் என எதையும் ஆராய்வதில் நாட்டம் கொண்டவர். ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி நடத்திய சங்கத்திற்குத் தலைவராகவும் இருந்தார். ஆயினும், யாருக்கும் வளைந்து கொடுக்காத செருக்கும் அவரிடம் இருந்தது. பகைவர்களைச் சேர்த்துக்கொள்வதில் அவருக்கு ஈடு எவருமில்லை.

கால்வாய் என்ற எண்ணம் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஜெசி ஹாலி என்ற மாவு வணிகர், சரக்கு அனுப்பும் செலவால் நொடித்துப்போய்க் கடனாளிகளுக்கான சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபடியே, ஏரி ஈரியையும் ஹட்சன் ஆற்றையும் ஒரு கால்வாயால் இணைக்க வேண்டும் என்று 1807ஆம் ஆண்டில் புனைபெயரில் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். மலைத்தொடரில் ஆழமான இடைவெளி இருப்பது மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் என்பதை அவர் கண்டிருந்தார். 1809இல் இத்திட்டம் அதிபர் ஜெபர்சனிடம் கொண்டுசெல்லப்பட்டபோது ஏமாற்றமே கிடைத்தது. நல்ல திட்டந்தான், ஆனால் அதற்கான காலம் வர இன்னும் நூறாண்டு ஆகும் என்பது அதிபரின் கருத்து. அன்றைய அமெரிக்காவில் இருந்த கால்வாய்களுள் மிக நீண்டதே 50 கிலோமீட்டரை எட்டவில்லை. கேட்டதோ 584 கிலோமீட்டர்! அதனால் ஜெபர்சனைக் குறை கூறுவதற்கில்லை.

1810இல் அமைக்கப்பட்ட கால்வாய் ஆணையத்தில் கிளிண்டன் உறுப்பினரானார். அந்தக் கோடையில் படகிலும் வண்டியிலும் அப்பாதை முழுவதையும் நேரில் பார்த்து வந்தார். அதன்பின் அந்த எண்ணம் அவரை விடவில்லை. 1812இல் அதிபர் தேர்தலில் மேடிசனை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். 1815இல் மேயர் பதவியும் பறிபோனது. அரசியலில் அவர் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். கைவசம் பதவி ஏதுமில்லாத அந்த வேளையில், கால்வாயால் விளையும் நன்மைகளை விளக்கி ஒரு நீண்ட விண்ணப்பத்தை அவர் எழுதினார். ஊர் ஊராகக் கூட்டங்கள் கூடின; ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். 1817 மார்ச்சில், சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் கூட்டரசு நிதி வழங்கும் மசோதாவை அதிபர் மேடிசன் நிராகரித்தார். நியூயார்க் தன் சொந்தக் கடனிலேயே கால்வாயை வெட்டுவது என முடிவு செய்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் கிளிண்டன் ஆளுநராகப் பொறுப்பேற்றார். மூன்று நாள் கழித்து, ரோம் என்னும் சிற்றூரில் முதல் மண் வெட்டப்பட்டது.

ரோமில் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. அது வழியின் நடுப்பகுதி. நிலம் சமமானது, வேலை விரைந்து முடியும். தண்ணீரும் படகும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், திட்டத்தைப் பாதியில் கைவிட யாருக்கும் மனம் வராது என்பது கணக்கு.

அக்காலத்தில் அந்நாட்டில் பொறியியல் பயின்றவர்கள் மிகச் சிலரே. பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெடிஸ் ஆகிய தலைமைப் பொறியாளர்கள் இருவரும் நிலம் அளந்து பழகியவர்கள். ஊர் நீதிபதிகளாகவும் இருந்தவர்கள். கால்வாயை அவர்கள் வெட்டி வெட்டியே கற்றனர். கான்வஸ் ஒயிட் என்ற இளைஞர் இங்கிலாந்து சென்று, அங்குள்ள கால்வாய்க் கரைகளில் நடந்து நடந்து நுட்பங்களைக் குறித்து வந்தார். நீரிலும் இறுகும் சிமெண்டுக்கு உகந்த சுண்ணாம்புக் கல் நியூயார்க்கிலேயே கிடைப்பதையும் அவர் கண்டறிந்தார். அது கிடைக்காவிட்டால் விலையுயர்ந்த சிமெண்டைக் கடல் கடந்து இறக்குமதி செய்திருக்க வேண்டும். காட்டு மரங்களின் அடிக்கட்டைகளைப் பிடுங்க ஒரு புதிய பொறி செய்யப்பட்டது. சில ஆட்களும் குதிரைகளும் சேர்ந்து ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டைகளை அதைக் கொண்டு அகற்றினர்.

12 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். கேட்பதற்கு எளிய வாய்க்கால்தான். ஆனால் ஏரி ஈரி, ஹட்சன் ஆற்றைவிட ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் உள்ளது. படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 83 மதகு அறைகள் கட்டப்பட்டன. படகு அறைக்குள் நுழைந்ததும் கதவை அடைத்து நீரை நிரப்பினால் அது உயரும், வடித்தால் தாழும். லாக்போர்ட்டில் செங்குத்தான பாறைச் சரிவை வெடிமருந்தால் தகர்த்து, ஐந்து அறைகளை மாடிப்படிபோல் அடுக்கினர். மண்வெட்டி பிடித்தவர்களில் உள்ளூர் விவசாயிகளும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களும் இருந்தனர். 1819இல் மான்டெசூமா சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் காய்ச்சலில் விழுந்தனர், இறந்தோர் பலர். கால்வாய் சென்ற நிலமோ ஒனைடா, செனெக்கா முதலிய பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். விழாக்களில் அவர்கள் இழப்பைப் பற்றி எவரும் பேசவில்லை.

எதிரிகள் அதைக் கிளிண்டனின் சாக்கடை என்று ஏளனம் செய்தனர். 1824 ஏப்ரலில், கால்வாய் முடியும் தறுவாயில், மாநில சட்டமன்றத்தில் இருந்த அவருடைய எதிரணியினர் அவரை ஆணையத்திலிருந்தே நீக்கினர். அது அவர் ஊதியம் பெறாமல் ஆற்றி வந்த பணி. இது எதிரிகளுக்கே வினையாக முடிந்தது. அதுவரை அவரை விரும்பாதவர்கள்கூடக் கொதித்தெழுந்து கண்டனக் கூட்டங்கள் நடத்தினர். அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் கிளிண்டன் மீண்டும் ஆளுநரானார். பதவியிலிருந்து அவரை அகற்ற நினைத்தவர்களே அவரைப் பதவியில் அமர்த்திவிட்டார்கள்.

1825 அக்டோபர் 26ஆம் நாள், செனெக்கா சீஃப் என்ற படகில் கிளிண்டன் பஃபலோவிலிருந்து புறப்பட்டார். தந்தி இல்லாத காலம் அது. வழிநெடுகப் பீரங்கிகளை நிறுத்தி, ஒன்றின் ஒலி கேட்டதும் அடுத்ததை வெடித்தனர். புறப்பட்ட செய்தி ஒன்றரை மணி நேரத்திற்குள் நியூயார்க் நகரை எட்டியது. நவம்பர் 4ஆம் நாள், பீப்பாயில் கொண்டுவந்த ஏரி நீரை அவர் அட்லாண்டிக் கடலில் ஊற்றினார்.

அதன்பின் நடந்தவை வேகமானவை. ஒரு டன் சரக்கின் கூலி 100 டாலரிலிருந்து 10 டாலர் அளவுக்கு இறங்கியது. குதிரை இழுத்த படகுகளில் மேற்கின் கோதுமையும் மரமும் கிழக்கே வந்தன. கிழக்கின் துணியும் கருவிகளும் அடுப்புகளும் மேற்கே சென்றன. கையால் நெய்து உடுத்திய விவசாயக் குடும்பங்கள் ஆலைத்துணி வாங்கத் தொடங்கின. விற்பதற்கென்றே பயிரிடவும் தொடங்கின. 1820இல் 1,500 பேர் வாழ்ந்த ராசெஸ்டர், பத்தே ஆண்டுகளில் 9,000 பேரைத் தாண்டி மாவு ஆலைகளின் நகரானது. நியூயார்க் துறைமுகத்தோடு போட்டியிட்ட பிலடெல்பியா தானும் கால்வாய்களில் பணத்தைக் கொட்டியது. பால்டிமோரோ மலையைக் கடக்க இருப்புப்பாதையை நம்பியது. அந்தப் பாதைக்கான வேலை 1828 ஜூலையில் தொடங்கியது.

அதைக் காணக் கிளிண்டன் உயிரோடு இல்லை. 1828 பிப்ரவரி 11ஆம் நாள், ஆளுநர் பதவியில் இருக்கும்போதே ஆல்பனியில் அவர் காலமானார். மாநிலத்திற்குப் பெரும் செல்வத்தைத் தேடித் தந்தவர் வீட்டில் எஞ்சியது கடன் மட்டுமே. அவருக்கெனக் கல்லறை வாங்கவும் குடும்பத்தாரால் இயலவில்லை. அதனால், நண்பர் ஒருவருடைய குடும்பக் கல்லறையில் அவர் உடல் வைக்கப்பட்டது. 70 இலட்சம் டாலருக்கு மேல் செலவான கால்வாய்க்காக வாங்கிய கடன் 1837ஆம் ஆண்டுக்குள் சுங்க வருவாயைக் கொண்டே அடைக்கப்பட்டது. கிளிண்டனின் உடல் 1844ஆம் ஆண்டில்தான் புரூக்ளினில் உள்ள கிரீன்வுட் இடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.