மேதையை வாட்டிய வயிற்று நோய்

1912-ம் ஆண்டு மார்ச் மாதம். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கு என்றால் அவருக்கு உயிர். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்புறம்தான்.

சீதபேதி

துறைமுக வேலைக்கு முன்பே ஒரு நோய் அவரைத் தொட்டுவிட்டது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படிக்க வந்தார். சீதபேதி கண்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார். பிறகு உடம்பு தேறியது.

சீமையில் சமையல்

பேராசிரியர் ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். 1914 மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார்.

ராமானுஜன் சுத்த சைவம். கேம்பிரிட்ஜ் கல்லூரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. தம் அறையிலேயே சமைத்தார். அந்த ஆண்டே உலகப்போர் மூண்டது. வேண்டிய பண்டங்கள் கிடைப்பது அரிதாயிற்று. கணக்கில் மூழ்கினால் இரவு பகல் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை சமைப்பதே பெரிது.

1917-ல் படுக்கையில் விழுந்தார். காய்ச்சல் விடவில்லை. உடல் இளைத்தது. காசநோய் என்று கருதி வைத்தியம் செய்தார்கள். நோயோடு போராடிய 1918-ல்தான் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது.

1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வயது 32. மனைவி ஜானகிக்கு வயது 21.

என்ன நோய்?

1994-ல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்தார். அது காசநோய் அல்ல, பழைய சீதபேதியின் அமீபா கிருமி ஈரலைத் தாக்கியிருக்கலாம் என்பது அவர் முடிவு. இதை நிரூபிக்க இனி வழியில்லை. ஆனால் அந்தக் கிருமி குடலில் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கக்கூடியது என்பது உண்மை.

அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் அது பரவுகிறது. பட்டினி கிருமியைக் கொண்டுவராது. அதை எதிர்க்கும் வலுவைக் குறைத்துவிடும்.

மலத்தில் ரத்தமும் சளியும் போனால், சூடு என்று சொல்லி மோர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அது அமீபாவாக இருக்கலாம். கிருமி இல்லாமலே வரும் குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. மருத்துவர் சோதித்தால்தான் தெரியும்.

ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜனுக்கு ஒரு கண்காட்சியகம் தொடங்கப்பட்டது. அவருடைய கணக்கின் பெருமையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடவும் சொல்லுங்கள்.