ஜார்ஜ் வாஷிங்டன்

போரில் வென்றோரை உலகம் எளிதிற் போற்றும். பசித்த சேனையைக் கலையாது காத்தோரை அத்துணை எளிதில் நினைப்பதில்லை. அமெரிக்க சுதந்தர யுத்தத்தின் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் இவ்விரண்டாம் வகையிலேயே தலைசிறந்தவர்.

இவர் 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் தேதி வர்ஜீனியாவிற் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்து, இளமையிலேயே நில அளவைத் தொழிலை மேற்கொண்டார். 1775-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆங்கில ஆட்சியை எதிர்த்தெழுந்த குடியேற்ற நாடுகளின் காங்கிரஸ் மகாசபை இவரைச் சேனாதிபதியாக நியமித்தது. இவரோ சம்பளம் பெற மறுத்து, செலவுத்தொகையை மட்டுமே ஏற்க இசைந்தார்.

பாஸ்டன் நகரின் அருகே இவர் கண்டது பயின்ற சேனையன்று. உழவரும் தொழிலாளரும் திரண்ட கூட்டமே. வெடிமருந்து மிகக் குறைவு. போர்வீரர் பலருடைய தவணை அவ்வாண்டின் இறுதியோடு முடிவதாயிருந்தது. ஆதலின் பகைவர் எதிரே நிற்கையிலேயே பழைய சேனையை அனுப்பிவிட்டுப் புதிய சேனையைத் திரட்ட நேர்ந்தது. காங்கிரஸிற்கோ வரி விதிக்கும் அதிகாரமில்லை. அது அச்சிட்ட காகிதப் பணமும் நாளடைவில் மதிப்பிழந்தது.

1776-இல் நியூயார்க்கை இழந்து பின்வாங்கிய வாஷிங்டன், கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதந்த டெலாவேர் ஆற்றைக் கடந்து, டிரென்டனில் ஏறக்குறைய 900 ஜெர்மானியக் கூலிப்படையினரைச் சிறைப்பிடித்தார். பின்னர்த் தவணை முடிந்த வீரருக்குப் பத்து டாலர் வெகுமதி அளிப்பதாகக் கூறி, மேலும் ஆறு வாரம் தம்முடன் நிற்குமாறு வேண்டினார்.

1777-ஆம் ஆண்டின் இறுதியில் வாலி போர்ஜ் என்னுமிடத்திற் பாசறை அமைத்தார். உணவும் உடையும் காலணியுமின்றி வீரர் வருந்தினர். ஆறு திங்களில் நோயால் மாண்டோர் சுமார் 2,000 பேர். வாஷிங்டன் காங்கிரஸிற்கு ஓயாது முறையிட்டார், அம்மை குத்துவித்தார், உணவும் வண்டியும் சேர்க்கும் பொறுப்பைக் கிரீனிடமும், பயிற்சியை ஸ்டூபனிடமும் ஒப்புவித்தார். வசந்தத்தில் அப்பாசறையினின்று வெளிவந்தது கூட்டமன்று, சேனை.

1781-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, பிரெஞ்சுக்காரர் துணையால், யார்க்டவுனிற் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. அப்பிரபுவே பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தவர்.

1783-இல் நெடுநாட் சம்பளம் பெறாத அதிகாரிகள் காங்கிரஸை அச்சுறுத்த எண்ணினர். ஆயுதந்தாங்கிய சேனை இவர் பக்கம் இருந்தது; இவர் விரும்பின் முடிபுனைந்திருக்கலாம். இவரோ அவர்கள் நடுவே சென்று, ஒரு கடிதத்தைப் படிப்பதற்காக மூக்குக்கண்ணாடியை அணிந்தார். யுத்தத்தில் மூப்படைந்த தலைவரைக் கண்டு அவர்கள் மனமிளகினர். அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் தேதி தம் பதவியை மகாசபையிடமே திரும்ப ஒப்படைத்தார்.

1789 முதல் 1797 வரை முதற் குடியரசுத் தலைவராயிருந்து, 1799-இல் இயற்கையெய்தினார். விடுதலைக்காகப் போரிட்ட இவர் அடிமைகளை உடையவராயிருந்தது பெருங்குறையே. தமக்குரியோரை விடுவிக்குமாறு மரணசாசனத்தில் எழுதிவைத்தார். சேனையைக் காத்தல் அரிது. காத்த சேனையைத் தமக்கென்று கொள்ளாமை அதனினும் அரிது.