புயல் ஓய்ந்த பிறகு என்ன? விதை கொடுத்த கிளாரா பார்ட்டன் யார்?

அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை 1881-ல் தொடங்கியவர் கிளாரா பார்ட்டன். சாப்பாடு கொடுத்துட்டுக் கிளம்பினா நிவாரணம் முடிஞ்சதுன்னு அவர் நினைக்கவில்லை.

1889-ல் அணை உடைந்து பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரம் சிதைந்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் பலி. 67 வயதில் அங்கே போனவர், ஐந்து மாதம் தங்கி, வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடங்கள் கட்டினார்.

1893-ல் தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளைப் புயல் சூறையாடியது. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின மக்கள்தான் அங்கே அதிகம். வயலெல்லாம் கடல்நீர். உணவுப்பொருளோடு விதையும் கொடுத்தார் பார்ட்டன். நிவாரணம் வாங்கியவர்களே வடிகால் வெட்டி நிலத்தை மீட்டாங்க.

1900-ல் டெக்சாஸின் கால்வெஸ்டனைப் புயல் புரட்டிப்போட்டபோது அவருக்கு வயது 78. அப்பவும் நேரில் போனார். அந்தப் பகுதி விவசாயிகளுக்கு 15 லட்சம் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகள் போய்ச் சேர்ந்தன.

1912-ல், 90 வயதில் காலமானார்.