குறைக்கு அஞ்சாத பதிப்பாளர் சி.வை. தாமோதரம் பிள்ளை

தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் இன்று நாம் நூலகத்தில் கைநீட்டி எடுத்துவிடுகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்நிலை இல்லை. பழந்தமிழ் நூல்கள் பலவும் பனையோலைகளில் மட்டுமே இருந்தன. அவற்றுள் பலவற்றைச் செல்லும் பூச்சியும் அரித்துவிட்டன. எஞ்சியவற்றை அச்சுக்குக் கொண்டுவந்த பெருமக்களில் முன்னோடி சி.வை. தாமோதரம் பிள்ளை. அவருடைய பணிகளை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அப்பணியைத் தொடங்க அவருக்கு எத்தகைய துணிவு தேவைப்பட்டது என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாணவர்களாகிய நமக்கு அந்தத் துணிவே பெரிய பாடம்.

தாமோதரம் பிள்ளை 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். 1854-இல், இருபத்திரண்டு வயதை எட்டும் பருவத்தில், நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். பின்னர் பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று தினவர்த்தமானி இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவரான விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. அரசாங்கப் பணியில் இருந்தபடியே 1871-இல் சட்டத்திலும் பட்டம் பெற்றார். ஓய்வுக்குப் பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

இத்தகைய வாழ்வு பெற்ற ஒருவர் கிடைத்த புகழோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ ஓலைச்சுவடிகளைத் தேடிப் புறப்பட்டார்.

சுவடியைப் படிப்பது எளிய வேலையன்று. ஓலையில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளமும் இராது. படியெடுத்தவர் செய்த பிழை அடுத்த படிக்கும், அதற்கடுத்த படிக்கும் போய்ச் சேரும். கட்டை அவிழ்த்தால் ஏடு முறியும். புரட்டினால் ஓரம் உதிரும். ஒரு நூலுக்கு நாலைந்து சுவடி கிடைத்தாலும் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவது அரிது.

இந்நிலையில் பிழையே இல்லாத பதிப்பு வேண்டும் என்று கருதுகிறவர் என்ன செய்வார்? இன்னொரு சுவடி கிடைக்கட்டும் என்று காத்திருப்பார். அது கிடைத்தால் மற்றொன்றுக்குக் காத்திருப்பார். இதற்கிடையில் கையில் இருக்கும் சுவடியே மண்ணாகிவிடும். அக்காலத்துப் புலவர் சிலர் இத்தகைய பணியில் இறங்கத் தயங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தொல்காப்பியம் போன்ற நூலில் கைவைத்துப் பிழை செய்துவிட்டால், பெற்ற பட்டமும் பெயரும் என்னாவது என்ற அச்சமே அது.

தாமோதரம் பிள்ளை இவ்வச்சத்தை வென்ற விதம் சுவையானது. பெரும்புலவர் என்ற பட்டச் சுமை தம் தலைமேல் இல்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. இந்த வேலைக்குத் தம்மைப் போன்றவரே பொருத்தம் என்று அவர் தம் பதிப்புரையில் நயமாக விளக்கினார். பெயரைக் காப்பதைவிட நூலைக் காப்பதே பெரிது என்று முடிவு செய்தபின் அவர் கை தயங்கவில்லை.

1868-இல் ஆறுமுக நாவலரின் துணையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். 1879-இல் நாவலர் மறைந்தார். சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிய அந்தப் பெரியவர் இனி இல்லை என்ற நிலையிலும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என நூல்கள் அடுத்தடுத்து வந்தன. தம் கைப்பொருளையும் இதற்குச் செலவிட்டார்.

இவற்றில் குறைகள் இருந்தனவா? இருந்தன. 1885-இல் வந்த பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் வெளியிட்டார். ஆனால் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது. இதை அவர் மறைந்த பின்னர் இரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் எடுத்துக்காட்டினார். கலித்தொகை முழுவதும் நல்லந்துவனார் பாடியது என்ற கருத்தோடு அவர் பதிப்பு வந்தது. ஐந்து புலவர் பாடினர் என்ற கருத்து பிற்காலத்தில் வலுப்பெற்றது. இ.வை. அனந்தராமையர் 1925-இல் தொடங்கி வெளியிட்ட பதிப்பு அந்நூலை மேலும் செம்மைப்படுத்தியது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பிழைகளைப் பிறர் எவ்வாறு கண்டனர்? நூல் அச்சேறிப் பலர் கைக்கும் போய்ச் சேர்ந்ததால் கண்டனர். பரணில் கிடந்த ஏட்டை யாரும் திருத்த முடியாது. பல சுவடிகளை ஒப்பிட்டு, தம்மால் இயன்ற அளவு உழைத்து, எஞ்சிய ஐயங்களை மறைக்காமல், திருத்தும் பொறுப்பை அறிஞர் அவைக்கு விட்டவர் தாமோதரம் பிள்ளை. அவர் அலட்சியமாகப் பணி செய்தவர் அல்லர். அலட்சியம் உழைப்பை நிறுத்திவிடும். அவரோ அளவுக்கு மீறிய அச்சத்தை மட்டுமே நிறுத்தினார். உ.வே. சாமிநாதையரும் 1887-இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியை 1907-இல் திருத்தி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். முதற்பதிப்பு இல்லாமல் இரண்டாம் பதிப்பு ஏது?

நம் பினாங்கு ஆயர் ஈத்தாமிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. குன்றின் சரிவில் நிற்கும் கெக் லோக் சி கோயிலின் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அதன் ஏழடுக்குக் கோபுரம் 1930-இல்தான் நிறைவுற்றது. வெண்கலக் குவான் யின் சிலையோ 2002-இல் எழுந்தது. எல்லாம் முடிந்த பிறகே கதவைத் திறப்போம் என்று எண்ணியிருந்தால், பல தலைமுறையினர் அங்கே வழிபட்டிருக்கவே முடியாது.

மாணவர் வாழ்விலும் இந்நோய் உண்டு. முதல் வரி சரியாக அமையவில்லை என்று இடுபணியைத் தள்ளிப்போடுகிறோம். இன்னும் நான்கு நூல்களைப் படித்துவிட்டு எழுதலாம் என்று ஆய்வேட்டை ஒத்திவைக்கிறோம். உச்சரிப்பு தவறிவிடுமோ என்று மேடையில் தமிழ் பேசத் தயங்குகிறோம். இதை நாம் பொறுப்புணர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பல வேளைகளில் அது நம் பெயரைப் பற்றிய கவலையே. எழுதாத கட்டுரையை எந்த விரிவுரையாளராலும் திருத்த முடியாது. பேசாத நாவை எந்த நண்பராலும் செம்மைப்படுத்த முடியாது.

அரசு 1895-இல் தாமோதரம் பிள்ளைக்கு ராவ் பகதூர் பட்டம் வழங்கியது. 1901-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் சென்னையில் காலமானார். அவர் அச்சேற்ற நினைத்து முடியாமற்போன பணிகளும் இருந்தன. எனினும் அவர் முடித்தவற்றின்மேல் நின்றுதான் அடுத்த தலைமுறை மேலும் ஏறியது. நம்மால் இயன்றதை நேர்மையோடு செய்து முடிப்போம். எஞ்சியதைத் திருத்த நமக்குப் பின்னும் ஆள் வருவார் என்று நம்புவோம். தமிழ் அப்படித்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.