நரம்பின் கடிவாளம் கண்ட நல்லறிஞர்

மூட்டை சுமக்கும் தோழர் படியேறுகிறார். நெஞ்சு விரைந்து துடிக்கிறது. குருதிக் குழாய்கள் இறுகுகின்றன. யார் இட்ட கட்டளை? அவர் இட்டதல்ல! அவரைக் கேளாமலே, அவர் உறங்கும்போதும் ஓயாமல் உழைக்கும் நரம்புகள் உண்டு. தன்னியக்க நரம்புகள் என்பர் மருத்துவர். அந்த நரம்புகள் உறுப்புகளிடம் எந்த மொழியில் பேசுகின்றன என்று கண்டு கூறியவர்களில் தலையாயவர் உல்ப் வான் ஆய்லர். அவர் வாழ்வைத்தான் இன்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

1905 பிப்ரவரி 7-இல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை ஹான்ஸ், 1929-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அன்னை ஆஸ்டிரிட் கிளீவ், பெண்கள் பட்டம் பெறுவதே அரிதாயிருந்த 1898-இல் டாக்டர் பட்டம் பெற்ற மாதரசி. அத்தகைய வீட்டுப் பிள்ளை அறிஞராவதில் வியப்பென்ன என்று கேட்போர் உண்டு. வீடு வாசலைத் திறந்துவிடும். வழியை நடந்தே கடக்கவேண்டும். அவர் நடந்தார்.

1930-இல் லண்டன் சென்றார்; ஹென்றி டேல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். காடம் என்பாருடன் சேர்ந்து, குடலையும் மூளையையும் பிழிந்த சாற்றில் புதுப்பொருள் ஒன்றைக் கண்டு 1931-இல் அறிவித்தார். அப்போது வயது 26!

ஊர் திரும்பினார். கரோலின்ஸ்கா நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். ஆணின் விந்து நீரில், குருதி அழுத்தத்தைத் தாழ்த்தும் பொருள் ஒன்று இருக்கக் கண்டார். புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பது என்றெண்ணி, 1935-இல் அதற்குப் புராஸ்டாகிளாண்டின் எனப் பெயரிட்டார். பெரும்பகுதி பிறப்பது வேறு சுரப்பியில் என்பது பின்னர் தெரிந்தது. உடலின் திசுக்கள் பெரும்பாலானவற்றில் அது உண்டாகிறது என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

போர் வந்தது. ஆய்வு தேங்கியது. 1945-இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? தாம் சேர்த்து வைத்திருந்த சாற்றை, சூனே பெர்க்ஸ்டிராம் என்ற இளம் வேதியியலாரிடம் ஒப்படைத்தார். கண்டெடுத்த புதையலைப் பெட்டியில் பூட்டி வைப்போர் மலிந்த உலகில், சாவியையே இன்னொருவர் கையில் கொடுத்தார்!

அடுத்த ஆண்டே, 1946-இல், மற்றொரு வெற்றி. பரிவு நரம்பின் நுனியிலிருந்து கசிந்து, நெஞ்சை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்கும் தூதுப்பொருள் அட்ரினலின் என்றே பலர் கருதியிருந்தனர். அல்ல, அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலின் என்று மெய்ப்பித்தார். அதற்காகவே 1970-இல் காட்ஸ், ஆக்செல்ராட் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிரிந்து கிடந்த இரு கண்டுபிடிப்புகளும் 1969-இல் கைகோத்தன. ஹெட்க்விஸ்ட் என்பாருடன் சேர்ந்து, கினிப்பன்றியின் விந்துக் குழாயில் ஆய்வு செய்தார். ஈ வகைப் புராஸ்டாகிளாண்டினைச் சேர்த்ததும் நரம்பின் ஆணைக்குத் தசை சுருங்குவது குறைந்தது. காரணம் என்ன? நரம்பு நார்அட்ரினலினை அனுப்புகிறது. ஆணை பெற்ற திசு புராஸ்டாகிளாண்டினை உண்டாக்குகிறது. அது நரம்பின் நுனிக்கே திரும்பி, தூதுப்பொருள் வெளிவருவதைக் குறைக்கிறது. ஆணையிடுவோனுக்கு ஆணை ஏற்போனே இடும் கடிவாளம்! எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் இது நடப்பதில்லை. ஆயினும் நரம்பின் பேச்சு ஒருவழிப் பாதையல்ல என்பது விளங்கிற்று.

1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன், ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே வலியையும் வீக்கத்தையும் தணிக்கிறது என்று காட்டினார். 1899 முதல் கடையில் விற்ற மருந்தின் மருமம் அன்றுதான் விளங்கிற்று!

1982-இல் புராஸ்டாகிளாண்டின் ஆய்வுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பெற்றவர்கள் பெர்க்ஸ்டிராம், சாமுவெல்சன், வேன். பெயர் சூட்டியவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தாம் சாற்றை ஒப்படைத்த இளைஞர் மேடையேறிய காட்சியைக் காணும் காலம்வரை அவர் வாழ்ந்தார். 1983 மார்ச் 9-இல், 78-ஆம் வயதில் மறைந்தார்.

அடித்தளம் இட்டவன் பெயர் கோபுரத்தில் பொறிக்கப்படாமல் போகலாம். ஆயினும் கோபுரத்தைத் தாங்கி நிற்பது அவன் இட்ட கல்தான். உழைத்த உடல் வலிக்கும்போது நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னே, கண்டதைக் கையளித்த அந்தக் கரமும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.