ஹைதராபாத் நவாப் திருப்பி அனுப்பிய ஓவியங்கள்: 'நான் யார்?' என்று தேடிய அம்ரிதா ஷேர்-கில்லின் கதை

ஹைதராபாத் போனால் சார்மினாரைப் பார்த்த கையோடு சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் போவீர்கள். முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையும் இசைக் கடிகாரமும் நினைவிருக்கும். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதியைச் சேர்த்தவர் மூன்றாம் சாலார் ஜங். அவர் வாங்காமல் திருப்பி அனுப்பிய ஓவியங்களும் உண்டு. வரைந்தவர் அம்ரிதா ஷேர்-கில்.

யார் இவர்?

1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்தார். அம்மா ஹங்கேரிக்காரர், ஓபரா பாடகி. அப்பா பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், சம்ஸ்கிருத அறிஞர். அவருக்குப் புகைப்படம் என்றால் உயிர். தன்னையும் குடும்பத்தையும் விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்.

1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1929இல், 16 வயதில், ஓவியம் படிக்க அம்ரிதா பாரிஸ் போனார்.

தன்னையே ஏன் வரைந்தார்?

பாரிஸில் அவர் தன் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒன்றில் சிரிப்பு, இன்னொன்றில் சோகம். 1934இல் வரைந்த படத்தில் டஹீட்டித் தீவுப் பெண்ணாகவே நிற்கிறார். ஐரோப்பாவா, இந்தியாவா? 'பாதி இது, பாதி அது'ன்னு சொல்லிட்டா முடிஞ்சிடுமா? அவருக்கு முடியவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார்.

ஹைதராபாத்தில் என்ன நடந்தது?

1936-37இல் தெற்கே பயணம் போனார். அஜந்தா குகை ஓவியங்கள் அவரை உலுக்கின. ஹைதராபாத்தில் நவாப் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். மைசூர் மகாராஜாவோ ரவி வர்மாவின் படங்களைத் தேர்ந்தெடுத்தார். கையில் காசில்லை. ஆனாலும் அம்ரிதா வாங்குபவர்களுக்காகத் தன் பாணியை மாற்றவில்லை. கன்னியாகுமரி, கொச்சி என்று பார்த்துவிட்டுப் போய், 1937இல் 'தென்னிந்திய' ஓவியங்கள் மூன்றை வரைந்தார்.

1941 டிசம்பர் 5, லாகூர். கண்காட்சிக்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். வயது 28தான்.

இன்று என்ன மதிப்பு?

1937இல் வரைந்த 'கதை சொல்பவர்' 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய ஓவியத்துக்கு அன்றைய தேதியில் அதுவே உச்ச விலை.

தமிழர்களுக்கு இன்னொரு தொடர்பும் இருக்கு. இவருடைய தங்கை இந்திராவின் கணவர், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர் கே.வி.கே. சுந்தரம். அவர்களின் மகன், ஓவியர் விவான் சுந்தரம், தாத்தா எடுத்த புகைப்படங்களையும் பெரியம்மாவின் ஓவியங்களையும் கணினியில் ஒட்டிச் சேர்த்து 2001-02இல் ஒரு படத்தொகுப்பே செய்தார். கொலாஜின் இன்றைய வடிவம் அது.

பள்ளி ஓவிய வகுப்பில் உங்கள் பிள்ளையை 'உன் முகத்தை கொலாஜா ஒட்டிட்டு வா'ன்னு சொன்னால், வெட்டி ஒட்டும் வேலைதானே என்று நினைக்காதீர்கள். பாட்டி புடவைத் துணி, பஸ் டிக்கெட், வீட்டில் பேசும் இரண்டு மொழி எழுத்துகள் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டட்டும். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் திருத்தாதீர்கள். அம்ரிதாவிடமும் பொருந்தாத துண்டுகள்தான் இருந்தன.