பெர்மிட் இல்லாமல் தூங்கிய மெக்கானிக்

ஜான் மியூர் என்றதும் மலையும் காடும்தான் நினைவுக்கு வரும். ஆனா மனுஷன் முதலில் மெஷின் ஆள். 1838-ல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தவர், 1849-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனார். பண்ணை வேலைக்கு நடுவே மரத்திலேயே கடிகாரம் செய்தார். நேரமானதும் தூங்குறவரைச் சாய்த்துத் தள்ளிவிடும் கட்டில்கூட செய்தார் (நம்ம ஹாஸ்டலுக்கு அவசரத் தேவை).

1867-ல் இண்டியானாபொலிஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும்போது அரம் நழுவி வலது கண்ணில் குத்தியது. இடது கண்ணும் மங்கி, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியதும் மெஷினை விட்டுட்டு மெக்சிகோ வளைகுடா நோக்கி நடக்க ஆரம்பிச்சார். சுமார் 1,600 கி.மீ. பயணம். சவானா நகரில் கையில் காசில்லை. பணம் வரும்வரை யார் கண்ணிலும் படாமல் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தூங்கினார்.

1868-ல் கலிபோர்னியா. யோசெமிட்டி மலைகளில் ரொட்டியும் டீத்தூளும் எடுத்துக்கிட்டு, இருட்டின இடத்தில் படுத்தார். அது ஆளில்லாத பூமி இல்லை. அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851-ல் ஆயுதப்படை விரட்டியிருந்தது. பூர்வகுடிகளைப் பற்றி மியூர் ஆரம்பத்தில் இழிவாகவும் எழுதியிருக்கார். இதை விட்டுட்டு அவரைக் கொண்டாடுறது சரியில்லை.

ஆடுகளும் மரம் வெட்டுபவர்களும் அந்த மலையை அழிப்பதைப் பார்த்து எழுதி எழுதியே போராடினார். 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-ல் சியரா கிளப்பைத் தொடங்கினார். 1903-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோடு மூன்று ராத்திரி அங்கே கேம்ப். ஒரு ராத்திரி பனி கொட்டியது. ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை வேண்டாம்னு கடைசிவரை போராடி 1913-ல் தோற்றார். அடுத்த வருஷம் இறந்தார்.

யோசெமிட்டியிலிருந்து மவுண்ட் விட்னி வரை போகும் சுமார் 340 கி.மீ. பாதைக்கு இப்போ அவர் பெயர். அதில் ஒரு ராத்திரி தங்கவும் பெர்மிட் வேணும். தினமும் இத்தனை பேர்தான்னு கோட்டா, அதுக்கு லாட்டரி. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்கணும். அவர் கேட்ட பாதுகாப்புதான் இந்தச் சீட்டு வடிவத்தில் வந்திருக்கு. அவர் மாதிரி இன்னைக்கு எல்லாரும் கண்ட இடத்தில் படுத்தா அந்தப் புல்வெளி தாங்காது.

பிறந்த மண்ணில் கதை வேற. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான திறந்தவெளிகளில் சின்ன டென்ட் போட்டு இரண்டு மூன்று ராத்திரி தங்க யாரையும் கேட்க வேண்டாம். வீடு, பயிர் பக்கம் போகக்கூடாது, குப்பை மிஞ்சக்கூடாது. அங்கேயும் விதிவிலக்கு உண்டு: லாக் லோமண்ட் ஏரிக்கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெர்மிட் கட்டாயம். டன்பாரில் முடியும் 215 கி.மீ. ஜான் மியூர் வே அந்த ஏரியின் தென்முனையைத் தொட்டுத்தான் போகுது.